முள் எங்கே நிற்கிறது?

அத்தியாயம் 9

ஒன்பது நாள் பேசாமல் இருந்த மனிதர், பத்தாம் நாள் காலையில் முட்டை பொரித்தார்.

அதையும் கருக்கிவிட்டார்.

"அப்பா, இது முட்டையா, டயரா?" தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் மகள்.

"பேசாம சாப்பிடு. பரீட்சைக்குப் போறவ வெறும் வயித்தோட போகக்கூடாது."

உள்ளறையில் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டாள். கோபம் இல்லை. ஆனால் கோபம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மழை விட்ட பிறகும் கூரையில் சொட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி ஏதோ இருந்தது.

பணிமனையில் அவளுக்குப் பெயர் விசிலக்கா. பதினோரு வருஷம் பேருந்தில் நடத்துநர். அவள் விசில் அடித்தால் அடுத்த தெருவில் போகிற வண்டிகூட நின்றுவிடும் என்பார்கள். அவர் பெயர் நாலாம் நம்பர். நாலாம் எண் வழித்தடத்தில் பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைப்பது? ஆறு வாரத்துக்கு முன் கண் பரிசோதனையில் அவர் தேறவில்லை. பார்க்கிற பொருளின் ஓரமெல்லாம் தெளிவாகவும் நடு மட்டும் அழித்துவிட்ட மாதிரியும் தெரிகிறதாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கி, நேரக் காப்பாளர் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷமாகப் பயிற்சி எடுத்து, தேர்வெழுதி, வரிசையில் காத்திருந்த அவளுக்கு ஓட்டுநர் உத்தரவு அடுத்த மாதமே வந்து சேர்ந்தது. கொடுத்த வழித்தடமோ நாலு. காகிதத்தை அவள் நீட்டியதும், படித்துக்கூடப் பார்க்காமல் கதவை அறைந்துகொண்டு அவர் வெளியே போனதைப் போன வாரம் பார்த்தோம்.

அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"செருப்பு போட்டுக்கிட்டு ஓட்டாதே. ஷூ போட்டுக்கோ. கால் வழுக்கும்."

அது சமாதானமா, உத்தரவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, நான் பேங்க் ஸ்டாப்புல ஏறுவேன். கூட என் ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்க" என்று மகள் வாசல்வரை வந்தாள். "கண்ணு, சாப்பிட்டியான்னு அங்கேருந்து கத்தி மானத்தை வாங்கிடாதே."

"டிரைவர் பயணிங்ககிட்ட பேசக்கூடாதுன்னு வண்டியில எழுதியே ஒட்டியிருக்கு. எனக்கு வேலை போயிடும்."

மகள் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "எட்டு அஞ்சுக்கு வந்துடும்ல? ஒன்பதுக்கு கணக்குப் பரீட்சை. ஒன்பது அடிச்சா கேட்டைப் பூட்டிடுவாங்க."

"எட்டு அஞ்சுக்கு வந்து நிப்பேன்."

இத்தனை வருஷம் வண்டி தாமதமானால் அவள் ஓட்டுநரைக் கைகாட்டிவிடுவாள். இனி கைகாட்ட ஆளில்லை.

*

பணிமனை வாசல் தூணில் ஒரு முழ நீளத்துக்கு நீலக் கீறல். போன செவ்வாய்க்கிழமை, பயிற்சி ஓட்டத்தின் கடைசி நாளில் அவள் வண்டியைத் திருப்பும்போது உரசியது. தூணுக்குப் பொட்டு வைத்துவிட்டாள் என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள்.

கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவர். வீட்டிலிருந்து இருவரும் ஒரே வண்டியில் வந்து, வாசலில் பிரிந்து, இப்போது கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பதிவேட்டைப் பார்க்க அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். நேராகப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடுமாம். ஓரக்கண்ணால்தான் வேலை.

"வண்டி இருபத்தேழு. ரூட் நாலு. ஓட்டுநர்..." என்று நிறுத்தி, அவள் பணியாளர் எண்ணைப் படித்தார். மனைவியின் பெயரைச் சொல்ல அவருக்கு என்ன தடையோ. "புறப்பாடு ஏழு நாற்பது. வண்டியைப் பார்த்துட்டு வந்து கையெழுத்து போடு."

இருபத்தேழு அவருடைய வண்டி. ஆறு வாரமாக ஆளுக்கொரு நாள் மாற்றி மாற்றி ஓட்டியிருந்தார்கள். இருக்கையில் உட்கார்ந்ததும் அவர் உடம்பின் அச்சு அவளுக்குத் தட்டுப்பட்டது. இடது பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. இன்ஜினைக் கிளப்பினாள். காற்று ஏறுவதற்காகக் காத்திருந்தாள். ஏர் பிரேக் வண்டிக்குக் காற்றுதான் உயிர். மீட்டர் முள் மெதுவாக ஏறிப் பச்சைக் கோட்டுக்குள் வந்து நின்றது.

பிரேக்கை மிதித்தாள். முள் இறங்கியது. இறங்கத்தான் செய்யும்.

மறுபடி மிதித்தாள். இன்னும் இறங்கியது. காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஏற வேண்டிய முள் ஏறாமல், தூங்கி விழுகிற தலை மாதிரி மெல்ல மெல்லச் சாய்ந்தது. பின்னால் எங்கோ ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

அவளுக்குக் காது அடைத்தது. இது பிரேக்கா, என் பயமா?

அந்தக் கேள்விதான் அவளை ஆட்டியது. பிரேக் கெட்டிருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. பயமாக இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். எது என்று யாரைப் போய்க் கேட்பது? நடத்துநராக இருந்தவரை, சந்தேகம் வந்தால் விசிலை ஊதுவாள். மீதியை முன்னால் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்வார். இப்போது முன்னால் உட்கார்ந்திருப்பது அவளேதான்.

கீழே இறங்கினாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூச்சை இழுத்து விட்டாள். கை நடுங்குகிறதா என்று பார்த்தாள், நடுங்கவில்லை. ஏறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். முள் அதே மாதிரி சாய்ந்தது. அதே சத்தம்.

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள்.

அவளுடைய நடத்துநர் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் பணிமனை அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

"என்னம்மா, நிறுத்திட்டே?"

"பிரேக் சரியில்ல அண்ணே. ஃபிட்டரைக் கூப்பிடுங்க."

எக்ஸ்பிரஸ் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக எழுந்தார்.

*

ஃபிட்டர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்து, அரை நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார்.

"இந்த வண்டி எப்பவும் இப்படித்தான்க்கா மூச்சு விடும். நாலாம் நம்பர் இதை இப்படியே வெச்சுக்கிட்டுத்தானே ஓட்டினார்? பழகிடும், எடுங்க."

"பழகற வரைக்கும் ஆஸ்பத்திரி இறக்கம் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். கெட்ட மனிதரில்லை. அன்றைக்கு மூன்று வண்டி குறைவு, இரண்டு பேர் விடுப்பு, வெளியே நிறுத்தத்தில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. மணி ஏழு ஐம்பது.

"என்னம்மா பிரச்சினை?"

அவள் சொன்னாள். அவர் ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் தோளைக் குலுக்கினார்.

"இதோ பாரும்மா. முதல் நாள். படபடப்பு இருக்கும், எனக்குப் புரியுது. நேத்து வரைக்கும் ஓடின வண்டி இது. நீ எடுக்கலைன்னா 'ஓட்டுநர் மறுப்பு'ன்னுதான் பதிவு பண்ணணும். சோதனைக் காலத்துல அந்த மாதிரி ரெண்டு விழுந்தா, மறுபடி விசிலுக்கே போயிடுவே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ, "தூணு ஞாபகம் வந்துடுச்சு போல" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

அவளுக்கு முகம் சுட்டது. மகள் இப்போது பேங்க் நிறுத்தத்துக்கு வந்திருப்பாள். எட்டு அஞ்சு என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சாவி கையில். ஏறி உட்கார்ந்து கிளம்பினால் இத்தனை வாயும் மூடிக்கொள்ளும்.

"மறுப்புன்னே எழுதிக்கோங்க சார்" என்றாள். "ஆனா காரணம்னு ஒரு இடம் இருக்கும்ல? அதுல பிரேக்னு எழுதுங்க."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நேரக் காப்பாளர்! பதிவேட்டை எடுத்துட்டு வாங்க."

அவர் வந்தார். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து. மேலாளரைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இந்தா, பிடிவாதம் பிடிக்காதே. நான் மூணு மாசம் இதை இப்படியேதான் ஓட்டினேன். இறக்கத்துக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுக்கோ. பிரேக்கை விட்டு விட்டு மிதி. போயிடலாம்."

"நீங்க ஓட்டினீங்க. உங்க காலுக்குப் பத்தொன்பது வருஷம் தெரியும். என் காலுக்கு அது தெரியாதுங்க. பின்னாடி அறுபது பேர் உட்கார்ந்திருப்பாங்க. அதுல நம்ம பொண்ணும் ஒருத்தி."

அவர் பதிவேட்டை எக்ஸ்பிரஸ் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"நீங்க ஓட்டக்கூடாது!" என்றார் மேலாளர்.

"ஓட்டல சார். உட்கார்றேன்."

ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் அந்த இருக்கையில். கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது. காற்று ஏறும்வரை காத்திருந்தார். பிரேக்கை மிதித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. தலையைச் சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மீட்டரின் கண்ணாடி மேல் வெயில் வேறு.

படியில் நின்ற அவள் மட்டும் அதைப் பார்த்தாள். அவர் நெற்றி வேர்த்தது.

அவர் மெதுவாகக் கேட்டார். "முள் எங்கே நிக்குது?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு படி மேலே ஏறி மீட்டரைப் பார்த்தாள்.

"பச்சைக்குக் கீழே."

நான்காவது முறை மிதித்தார். "இப்ப?"

"சிவப்பைத் தொட்டுடுச்சு."

"ஏறுதா?"

"ஏறல. இறங்கிக்கிட்டே இருக்கு."

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே அவர் அசையவில்லை.

"மூணு மாசம்" என்றார், தனக்குள் சொல்வது போல. "கால்ல ஒரு மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கேன்னு நினைச்சேன். முள்ளைப் பார்க்கணும்னு பார்ப்பேன். அந்த இடம் மட்டும் வெறுமையா இருக்கும். சரியாத்தான் இருக்கும்னு போயிடுவேன். தினமும்."

அவள் அவர் தோளில் ஒரு நொடி கை வைத்து எடுத்தாள்.

அவர் இறங்கினார். ஃபிட்டரைப் பார்த்துச் சொன்ன குரல் பழைய நாலாம் நம்பருடையது. "தம்பி, கீழே படு. பின்பக்கம் இடது சக்கரத்துக்குப் போற குழாயைக் கையால தடவிப் பாரு. பார்வையால பார்த்தா தெரியாது."

ஃபிட்டர் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கடியில் நுழைந்தார். முணுமுணுப்பு நின்றது. வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"ரப்பர் விண்டுபோயிருக்கு சார். என் நகமே உள்ளே போகுது. அழுத்தி மிதிச்சா மொத்தமா பிடுங்கிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் கையிலிருந்து பதிவேட்டை வாங்கி, வண்டியின் பக்கத்திலேயே வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் எழுதினார். எழுதியதை உரக்கவும் படித்தார். "வண்டி இருபத்தேழு. பிரேக் குழாய்க் கோளாறு. புறப்படும் முன் ஓட்டுநர் கண்டுபிடித்து நிறுத்தினார்." கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் பதிவேட்டை வாங்கினார். அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் புரட்டினார். இன்னும் பின்னால். ஆறு வாரத்துக்குப் பல கையெழுத்துகள். அதற்கு முந்தைய ஒவ்வொரு பக்கத்திலும், வண்டி இருபத்தேழு, நல்ல நிலை. கீழே அதே கையெழுத்து, ஓட்டுநர் கட்டத்தில்.

"இதெல்லாம் என்ன நாலாம் நம்பர்?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

மேலாளர் பதிவேட்டை மூடினார். "நீங்க என் ரூமுக்கு வாங்க. விசிலக்கா, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேர் வண்டி நிக்குது. ஸ்டீயரிங் கனமா இருக்கும். பார்த்துட்டு எடுத்துட்டுப் போ."

அவள் கணவரைப் பார்த்தாள்.

"போ. பேங்க் ஸ்டாப்புல பொண்ணு நிக்கறா" என்றார் அவர்.

*

பன்னிரண்டாம் நம்பரின் ஸ்டீயரிங் ஆட்டுக்கல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் தோள் கழன்றுவிடும் போல வலித்தது. ஆனால் பிரேக் மிதித்த இடத்தில் பிடித்தது. மூன்று முறை சோதித்த பிறகே கிளம்பியிருந்தாள்.

முதல் நிறுத்தத்தில் ஏறியவர்கள் வசவோடு ஏறினார்கள். "இப்பதான் விடிஞ்சுதா?" என்றார் ஒருவர். "கோலம் போட்டுட்டு வந்திருப்பாங்க" என்றார் இன்னொருவர். எக்ஸ்பிரஸ் அண்ணன், "வண்டி மாத்திக்கிட்டு வரோம் சார். நீங்க முழுசாப் போய்ச் சேரணும்னு அந்தம்மாவுக்கு ஆசை" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார்.

பேங்க் நிறுத்தத்தில் மணி எட்டு முப்பத்திரண்டு. மகள் ஏறினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தோழிகள் இரண்டு பேர் கூட. அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், பாருங்கள், அதற்குப் பேசாமல் நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துச் சாலையில் வைத்தாள். வேகமாகப் போகலாம். போனால் நான்கு நிமிஷம் மிச்சமாகும். சந்தை முக்கில் வழக்கமாக எல்லோரும் செய்வது போல எதிர்ப்பக்கம் புகுந்தால் இன்னும் இரண்டு. கால் ஒருமுறை அழுந்தப் பார்த்தது. எடுத்துவிட்டாள். அவள் மகளுக்கு மட்டும் ஓட்டவில்லை.

ஆஸ்பத்திரி இறக்கம் வந்தது. நடத்துநராக ஆயிரம் முறை இறங்கிய இறக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையோ நினைத்துக்கொண்டு. இருக்கையிலிருந்து பார்த்தால் அது இறக்கமாக இல்லை, பள்ளமாக இருந்தது. கியரைக் குறைத்தாள். மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். கீழே சிவப்பு விளக்கில் ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, அலுங்காமல் நின்றது. பின்னால் திட்டிக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் பேச்சை நிறுத்தினார்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது: காலையில் அவளைப் பிடித்துக்கொண்டது பயம்தான். பிரேக்கும் கெட்டிருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். பயப்படாதவளாக மாறிய பிறகுதான் இந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று நினைத்தாளே, அது தப்பு.

பள்ளிக்கூட வாசலில் மணி எட்டு ஐம்பத்தைந்து. மகள் குதித்து இறங்கி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. சரி, போகட்டும், மாலையில் பேசிக்கொள்ளலாம் என்று அவள் கியரைத் தொடும்போது, ஓடியவள் நின்றாள். திரும்பி வந்தாள். தோழிகள் பார்க்கப் பார்க்க, ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வண்டியில வர்றப்ப அப்பா ஃபோன் பண்ணினாரும்மா. பிரேக் பத்திச் சொன்னார். ரைட், போ!"

மறுபடி ஓடிவிட்டாள்.

*

மதியம் இரண்டு மணி நடையில் அவர் ஏறினார்.

பணிமனைக்குள் ஏறவில்லை. வெளியே, எல்லோரையும் போல நிறுத்தத்தில் நின்று கைகாட்டி ஏறினார். டிக்கெட் வாங்கினார். முன் இருக்கை காலியாக இருந்தும் நடுவில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கடைசி நிறுத்தம்வரை அவள் கண்ணாடியில் ஐந்தாறு முறை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். எட்டு நிமிஷ ஓய்வு. எக்ஸ்பிரஸ் அண்ணன் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று போத்தலோடு இறங்கிப் போனார். போத்தல் நிறைந்துதான் இருந்தது.

அவர் எழுந்து வந்து அவள் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேனேஜர், இன்னைக்கு மேசைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கன்னுட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. மேலிடத்துலேருந்து ரெண்டு பேர் வர்றாங்க."

"நீங்களா முன்வந்துதானே கோளாறைக் காட்டினீங்க? அதைச் சொன்னீங்களா?"

"சொல்லி? மூணு மாசம் கையெழுத்து போட்டவன் நான்தானே." கொஞ்சம் நிறுத்தினார். "உன்னையும் வரச் சொல்லியிருக்காங்க."

"நான் எதுக்கு?"

"சாட்சி. முள்ளே தெரியாம மூணு மாசம் கையெழுத்து போட்டேனான்னுதான் விசாரணை. இன்னைக்கு வண்டிக்குள்ள நான் முள்ளைப் பார்த்தேனா, உன்னைக் கேட்டேனான்னு கேட்பாங்களாம். பக்கத்துல நின்னவ நீ ஒருத்திதான்."

வெளியே யாரோ வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டார்கள். அவள் கையை உயர்த்தி ஐந்து நிமிஷம் என்று காட்டினாள்.

"கேட்டா என்ன சொல்வே?"

பதினைந்து வருஷக் குடும்பத்தில் அவள் அவருக்காக எத்தனையோ பூசி மெழுகியிருக்கிறாள். வண்டி தாமதமானதற்கு, கூட்டாளியோடு சண்டை போட்டதற்கு, பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வராததற்கு. நாக்கு நுனியில் அதே பழைய மெழுகு தயாராக இருந்தது. விழுங்கினாள்.

"உள்ளதைத்தான் சொல்வேன்."

அவர் தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்த மேசையும் போயிடலாம்" என்றார்.

"போகலாம். அதுக்காக நான் பொய் சொன்னா, நாளைக்கு இந்தச் சீட்டுல எப்படி உட்கார்றது?"

"நான் சொல்லச் சொல்லலையே. கேட்டேன், அவ்வளவுதான்."

பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். அவர் நகர்ந்து படிக்கு வந்தார். இறங்காமலும் ஏறாமலும் அங்கேயே நின்றார்.

"நான் அடுத்த வண்டியில வரேன். நான் உட்கார்ந்திருந்தா உனக்குக் கை நடுங்கும்."

"வர்றப்ப நடுங்குச்சா?"

"தெரியல. கண்ணை மூடிக்கிட்டேன். நீ பிரேக் போடறதைக் கேட்டுக்கிட்டு வந்தேன்."

அவளுக்குக் கேட்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டாம். கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"சந்தை முக்குல கொஞ்சம் சீக்கிரம் மிதிச்சுட்டே." சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மத்ததெல்லாம்..." முடிக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் அண்ணன் பின்படியில் ஏறினார். மணி இரண்டு ஐம்பது. அவள் இன்ஜினைக் கிளப்பினாள், காற்று ஏறும்வரை பொறுத்தாள், பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"வண்டியை எடுக்கணும்ங்க. ஒண்ணு ஏறுங்க, இல்ல இறங்குங்க. படியில நிக்காதீங்க."

அவர் ஏறினார்.